பெட்ரோல் விழுந்த அரிசி

விஜயபாண்டி வாய் வைத்து ஒரே இழுப்பு இழுத்தால் டியூபில் பெட்ரோல் ஏறிவிடும். ஏறியதும் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக் கேனுக்குள் விட்டுவிட்டு, வாய்க்குள் வந்ததைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் துப்புவார். மீசையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கொப்பளிக்காமலேயே, "காப்பி கொண்டா" என்பார். சொர்ணலதா டம்ளரை அவர் கையில் கொடுக்கமாட்டாள். கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவர் குடித்து வைத்த டம்ளரைத் தனியாகக் கழுவி, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவுவாள்.

சுருளிப்பட்டியில் அவர்களுக்குக் கொஞ்சம் நெல்வயலும் ஒரு திராட்சைத் தோட்டமும் இருந்தன. களையெடுக்க ஆள் கிடைக்காத ஒரு வருடத்தில் விஜயபாண்டி தோளில் மாட்டிக்கொள்கிற புல்வெட்டி மிசின் ஒன்றை வாங்கினார். அது அவரைக் குமுளி வரைக்கும் கொண்டுபோய்விட்டது. மலைமேல் புதிது புதிதாக ரிசார்ட்டுகள் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புல்தரை. சாரல் பிடித்துவிட்டால் வாரம் தவறாமல் வெட்டியாக வேண்டும். ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜரிடம் சொல்லி, வேலை பெருகி, மிசின்கள் நாலாயின. தள்ளிக்கொண்டு போகிற லான் மிசின் வேறு வந்தது. "செரி சேட்டா, நாளைக்குக் காலத்த எத்தாம் சேட்டா" என்று அவர் செல்போனில் மலையாளத்தில் குழைவதைக் கேட்டால், வீட்டில் அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லையே என்று சொர்ணலதாவுக்குத் தோன்றும்.

கேரளாவில் பெட்ரோல் விலை கூட. ஆகவே இங்கேயே வாங்கி மேலே கொண்டுபோனார். கேனில் தரமாட்டோம் என்று பங்கில் சொன்னார்கள். பைக் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, கொல்லையில் உறிஞ்சி இறக்கிவிட்டு, கம்பத்தில் வேறொரு பங்குக்குப் போய் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வருவார். எண்ணெய் வந்த கேன், குடிதண்ணீர் வந்த கேன், திராட்சைக்கு அடிக்கிற மருந்து வந்த கேன் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். தோளில் மாட்டுகிற மிசினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். கலந்தால் அது நீலமாகிவிடும்.

முதலில் எல்லாம் தோட்டத்து மோட்டார் ரூமில்தான் இருந்தது. யாரோ பூட்டை நெம்பிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு விஜயபாண்டி கேன்களை வீட்டு உள்ரூமுக்குக் கொண்டுவந்துவிட்டார். வருடச் சாப்பாட்டுக்கான அரிசி மூட்டைகளும், பருப்பு டின்களும், புளிப்பானையும் அந்த ரூமில்தான் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு.

"ஏங்க, அடுப்புக்குப் பக்கத்துல இதைக் கொண்டாந்து வச்சிருக்கீகளே, கொஞ்சமாச்சும் யோசிச்சீகளா?"

"மூடி போட்டுல்ல இருக்கு."

"மூடி போட்டிருந்தா வாடை எங்கிட்டிருந்து வருது?"

"உனக்கு மட்டுந்தேன் வருது. எனக்கு ஒண்ணும் வரலையே."

"வாயில ஊத்திக் கொப்பளிக்கிற ஆளுக்கு எப்படி வரும்?"

"இந்தா சொர்ணம், அங்கன வச்சா களவாணிப் பய தூக்கிட்டுப் போறான். இங்கன வச்சா நீ கத்துற. தலையில வச்சுக்கிட்டா அலையச் சொல்ற?"

நாள் போகப் போக அந்த வாடை வீட்டில் ஓர் ஆளைப் போலக் குடியேறிவிட்டது. மிளகாய்த்தூளில் இருந்தது. தலையணை உறையில் இருந்தது. துவைத்து மடித்து வைத்த சேலையை உதறினால் அதிலிருந்தும் எழுந்தது. உத்தமபாளையத்துக்குக் காலேஜ் பஸ்ஸில் போய் வரும் மகள் திரிஷா ஒருநாள் பையை வீசியெறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எம் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாளுகம்மா. பங்க் வந்திருச்சு, பங்க் வந்திருச்சுங்குறாளுக."

"அப்பாகிட்டச் சொல்லு."

"சொன்னேன். பெட்ரோல் மணத்துக்கு எம்புட்டுப் பேரு கெறங்கிக் கெடக்கான் தெரியுமாங்குறாக."

அடுத்த மாதமே திரிஷா தேனியில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று போய்விட்டாள். சனி, ஞாயிறுகளில் மட்டும் வருவாள். வந்தாலும் மாடியில்தான் படுப்பாள்.

சித்திரையில் காற்று ஒரு பொட்டு இல்லாமல் வெயில் நின்று எரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னமனூரில் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூவரும் திரும்பியபோது, வாசலில் கால் வைத்ததுமே சொர்ணலதாவுக்குத் தலை சுற்றியது. கண் கரித்தது. லைட் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோன திரிஷாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ரூமுக்குள் போனாள். மருந்து வந்த கேன் வயிறு உப்பி, அடித் தையலில் வாய் பிளந்து நின்றது. நீலத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது. மற்ற மூட்டைகள் பலகைமேல் இருந்ததால் தப்பின. கேனுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த ஒரு மூட்டை மட்டும் அடியிலிருந்து பாதிவரைக்கும் குடித்துக் கனத்திருந்தது. அந்தப் போகத்தில் அறுத்துக் கம்பத்து மில்லில் அரைத்துக்கொண்டு வந்த புது அரிசி. சாக்கை அவிழ்த்துக் கையை விட்டாள். அடியில் அரிசி நீலம் பாரித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு விரல்களில் ஒட்டியது. நடு வீட்டில் செத்த எலியைத் தொட்டுவிட்டவள் போல் கையை உதறினாள்.

"கொண்டுபோய்க் குழியில கொட்டுங்க."

"கொட்டுறதா? கூறு இருந்துதான் பேசுறியா? மகாலெச்சுமிடி அது. பெட்ரோலு வெயில்ல ஆவியாப் போற சாமான். நாலு நாள் காயப் போட்டா தடம் தெரியாது."

"ஆயிலும்ல கலந்திருக்கு. அதுவும் ஆவியாப் போகுமா?"

அவரே மூட்டையை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். பழைய சேலையை விரித்துப் பரப்பினார். காலையிலும் சாயங்காலத்திலும் போய்க் கிண்டிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு கையாலும் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "மணக்கவே இல்லை. இன்னைக்கு இதிலயே ஆக்கு" என்றார்.

சொர்ணலதா அரிசியைக் களைந்தாள். கழனித் தண்ணீரின்மேல் பல நிறத்தில் ஒரு படலம் மிதந்து சுழன்றது. ஊற்றிவிட்டு மறுபடியும் களைந்தாள். மறுபடியும் படலம். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் காய்ந்து போனதாக அவர் சொன்ன வாடை ஆவியோடு எழுந்து அடுப்படியை நிறைத்தது. பயந்துபோய் அடுப்பைக் குறைத்தாள். வடித்த கஞ்சியில் மஞ்சளாக ஏதோ திரண்டு நின்றது. அவள் கத்தரிக்காய்க் குழம்பைக் கூடுதலாகப் புளிவிட்டுக் கூட்டியிருந்தாள். அந்தச் சோற்றின்மேல் ஊற்றியதும் குழம்பும் கெட்டது.

திரிஷா ஒரு வாய் வைத்தாள். எழுந்து ஓடிக் கொல்லையில் வாந்தி எடுத்தாள். விஜயபாண்டி தலை நிமிராமல் தட்டை வழித்துத் தின்றார். தோற்கக் கூடாது என்கிற தீனி. மேல்நெற்றி வேர்த்து வழிந்தது. பொழுது சாயும்வரை அவர் விட்ட ஏப்பம் ஒவ்வொன்றும் கேனின் மூடியைத் திறந்து மூடுவதுபோல் இருந்தது. கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் படுக்க முடியாமல் சொர்ணலதா பாயைச் சுருட்டிக்கொண்டு மகளோடு மாடிக்குப் போய்விட்டாள்.

காலையில் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"அந்த அரிசி நமக்கு வேணாம். சுப்புலாபுரத்துத் தறிக்காரனுக பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வாங்குவானுக. கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"தறிக்காரவுக இதை வாங்குவாகளா?"

"அதெல்லாம் நான் பேசிட்டேன்."

நெய்கிற நூலில் இந்த வாடையைப் பூசுவதற்கு எந்தத் தறிக்காரன் ஒத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மூட்டை வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. மேற்கொண்டு கேட்காமல், ஒரு சேலைக்கரையைக் கிழித்துச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அவர் பைக்கில் வைத்துக் கொண்டுபோனார். உள்ரூமைச் சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் கழுவினாள். சாம்பிராணி போடலாம் என்று கரண்டியில் நெருப்புக் கங்கை எடுத்தவள், மூலையில் இருந்த கேன்களைப் பார்த்ததும் கங்கைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டி மண்ணைப் போட்டு மூடினாள். மூட்டைதான் போனது. கேன்கள் அங்கேயேதான் இருந்தன.

வைகாசியில் திராட்சை வெட்டு வந்தது. வியாபாரியின் லாரி மதியத்துக்குள் கிளம்ப வேண்டும் என்பதால் விடிந்ததும் பெண்கள் பந்தலுக்குள் நுழைந்துவிட்டார்கள். கழுத்தை மேலே மடக்கி, கத்தரியால் காம்பை நறுக்கி, உள்ளங்கையில் குலையை ஏந்திப் பெட்டியில் வைக்கிற வேலை. இடது கை முழங்கைவரை சாறு வழிந்து மண்ணோடு காய்ந்து கருத்திருக்கும். பத்து மணிக்குச் சொர்ணலதா கேத்தலில் டீயும் பையில் வடையும் கொண்டுபோனாள். பெண்கள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏத்தா, பவுனுக்கு மட்டும் மூட்டை அரிசி, எங்களுக்கு வெறும் வடைதானா?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சொர்ணலதாவுக்குப் புரியவில்லை. "என்ன அரிசி?"

"பாண்டி அய்யா கொண்டுபோய் எறக்குனாகளே. பவுனு மக புள்ள பெத்திருக்கான்னு. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்."

பவுனு அவர்கள் தோட்டத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. மகள் ஜோதிகா தலைப்பிரசவத்துக்கு வந்து காலனி வீட்டில் இருந்தாள். பவுனு டீயை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்படியா பவுனு?"

"ஆமா தாயி. கேக்காமயே கொண்டாந்து குடுத்தாக. மவராசன்."

"ஆக்கிச் சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டோம் தாயி."

"நல்லா இருந்துச்சா?"

"நல்ல அரிசி தாயி. பொலபொலன்னு."

சொர்ணலதா கேத்தலைப் பந்தல்காலில் மாட்டினாள்.

"பவுனு, வண்டியில ஏறு."

"எங்க தாயி?"

"உன் வீட்டுக்கு."

"வெட்டு கெடக்கே. அய்யா வைவாக."

"ஏறுன்னா ஏறு."

ஸ்கூட்டியில் போகும்போது பவுனு பின்கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

காலனி வீடு ஒரே அறை. ஜோதிகா வெளியே, சுவரோர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலும் வெளியே வேப்பங்கிளையில் தொங்கியது. பச்சை உடம்புக்காரி இப்படி வெக்கையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று கேட்க வாயெடுத்த சொர்ணலதா, வாசலுக்குப் போனதும் கேட்கவில்லை. வாடை அவளை வரவேற்றது. சொந்த வீட்டு வாடை.

மூட்டை மூலையில் இருந்தது. அதன்மேல் உரச்சாக்கைப் போட்டு, உரச்சாக்கின்மேல் பழைய போர்வையைப் போட்டு, போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சொர்ணலதா ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். சாக்கின் வாயில் அவள் கட்டிக் கொடுத்த சேலைக்கரை முடிச்சு அப்படியே இருந்தது.

"அவுக்கவே இல்லையே பவுனு."

பவுனு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எறக்குறப்பவே மணந்துச்சு தாயி. அதை எப்படி ஆக்குறது?"

"அப்புறம் ஏன் நல்ல அரிசின்னு சொன்ன?"

"வேற என்னன்னு சொல்ல?"

"கொட்டியிருக்கலாமில்ல?"

"எங்கன கொட்டச் சொல்றீக? ஓடையில கொட்டுனா ஊரே பாக்கும். பவுனு, பாண்டி அய்யா குடுத்த அரிசியைக் கொட்டிட்டாளாம்னு ஒரு பேச்சு போதும். வேலைக்குக் கூப்பிட மாட்டாக. வருசம் பூராம் வேலை குடுக்குற தோட்டம் வேற எங்க இருக்கு எங்களுக்கு?"

ஜோதிகா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். "ராத்திரி பிள்ளை தும்முதுக்கா. உள்ள படுக்க முடியலை. அம்மாதான் யார்கிட்டயும் சொல்லாத, சொல்லாதன்னு வாயைப் பொத்துறாக. குடுத்ததுல நொட்டை சொல்றாளுக பாருன்னு எங்களைத்தான பேசுவாக."

"நீ சும்மா இருத்தா" என்றாள் பவுனு. பிறகு சொர்ணலதாவைப் பார்த்து, "அய்யா தெரியாமக் குடுத்திருப்பாக தாயி. அவுகளுக்கு என்ன தெரியும், பாவம்" என்றாள்.

சொர்ணலதாவுக்குத் தலை குனிந்தது. "தெரிஞ்சுதான் குடுத்தாரு பவுனு. எங்க வீட்டுல ஆக்கி, எம் மக வாந்தி எடுத்த அரிசி இது. நாந்தான் மூட்டையக் கட்டிக் குடுத்தேன். எங்க போகுதுன்னு கேக்காமக் கட்டிக் குடுத்தேன்."

சொர்ணலதா மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். "ஒரு கை பிடி. வண்டியில ஏத்தணும்."

"எதுக்குத் தாயி? வேணாம் தாயி. நாந்தான் சொல்லிட்டேன்னு அய்யா நெனப்பாக."

"பிடி பவுனு."

இருவருமாகத் தூக்கி ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தினார்கள். சொர்ணலதா மூட்டையின் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு வண்டியை எடுத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுங்க தாயி" என்று கத்திக்கொண்டே பவுனு பின்னால் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது.

விஜயபாண்டி வீட்டு வாசலில் குந்தி, மிசினின் பிளக்கைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சாண்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் திறப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொர்ணலதா வண்டியை நிறுத்தினாள். மூட்டையைத் தெருவில் உருட்டிவிட்டு, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, சாக்கின் அடியைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தாள். வெள்ளையும் நீலமுமாக அரிசி தெருவில் சரிந்தது. ஒச்சாண்டி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"ஏய், என்னடி பண்ற? கிறுக்குப் பிடிச்சுப்போச்சா?"

"தறிக்காரவுக வேணாமாம். திருப்பிக் குடுத்துட்டாக."

விஜயபாண்டியின் முகம் கறுத்தது. "உள்ள வா. பேசிக்கிடுவோம்."

"உள்ள என்ன பேச்சு? புள்ள பெத்த வீட்டுக்கா இதைக் கொண்டுபோய் எறக்குனீக? பச்சப்புள்ள படுக்குற வீட்டுல?"

"காய வச்ச அரிசிதான? நல்லா நாலு தரம் அலசி ஆக்குனா ஒண்ணும் பண்ணாது. நானே தின்னேன்ல, செத்தா போயிட்டேன்? சும்மா குடுத்ததுக்கு இம்புட்டுப் பேச்சா? அவளுக திங்காததா?"

"என்ன பாண்டி இது" என்றார் ஒச்சாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க சும்மா இருங்கண்ணே. அலசுனா ஒண்ணும் பண்ணாதுண்ணே. நான் தெரியாமயா குடுப்பேன்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, படியோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழி குஞ்சுகளோடு அரிசியைப் பார்த்துவிட்டது. கொக்கரித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. குஞ்சுகள் பின்னாலேயே உருண்டன. விஜயபாண்டி ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

"ஏய், கோழி! கோழியை வெரட்டு! ஏ சொர்ணம், வெரட்டுடி! தின்னா அம்புட்டும் செத்துப்போகும்!"

குனிந்து தாய்க்கோழியை இறக்கையோடு அள்ளிப் பிடித்து, இன்னொரு கையால் குஞ்சுகளைப் படிப்பக்கம் தள்ளினார். நிமிர்ந்தபோது எதிரே பவுனு நின்றாள். ஓடி வந்ததில் மாராப்பு நழுவி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் அவள் அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

"கோழி செத்துப்போகுமாய்யா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

விஜயபாண்டி கோழியைப் பிடித்தபடியே நின்றார். ஒச்சாண்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பவுனு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்த வழியே திரும்பினாள்.

சொர்ணலதா மண்வெட்டியை எடுத்து வந்தாள். அரிசியைக் கீழ்மண்ணோடு சேர்த்து வாரிச் சட்டியில் சுமந்து, தோட்டத்து மூலையில் ஆழமாக வெட்டிய குழியில் போட்டு மூடினாள். வீட்டுக்கு வந்து கேன்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்த் தெரு வாசலில் நிறுத்தினாள். அன்று சாயங்காலமே எல்லாம் மோட்டார் ரூமுக்குப் போயின. இரும்புக்கடையிலிருந்து கனத்த பூட்டு ஒன்று வந்தது.

மறுநாள் பவுனும் மற்றப் பெண்களும் வராமல் வெட்டு பாதியில் நின்றது. பந்தலில் குலைகள் வெடித்து ஈ மொய்த்தன. பவுனைக் கூப்பிட்டு வரச் சொல்லி விஜயபாண்டி மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை சொர்ணலதா நல்ல அரிசி ஒரு மூட்டையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனாள். ஜோதிகா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கதவும் சன்னலும் அகலத் திறந்திருந்தன. தொட்டில் உள்ளே வந்திருந்தது.

"அம்மா ஒச்சாண்டி அய்யா தோட்டத்துக்குப் போயிட்டாகக்கா. அவுகளே வந்து கூப்பிட்டாக." மூட்டையைப் பார்த்துவிட்டு, "அதை வைக்காதீகக்கா. அம்மா வைவாக" என்றாள்.

சொர்ணலதா வற்புறுத்தவில்லை. மூட்டையோடேயே திரும்பி வந்தாள்.

விஜயபாண்டி மீந்துபோன பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "வாராளா?" என்றார்.

"வரலை."

"ஏனாம்?"

சொர்ணலதா வண்டியை ஸ்டாண்டு போட்டாள். அவர் மீசையை, கையை, அழுக்கேறிய சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அவளுக்குப் போறதுக்கு இன்னொரு தோட்டம் கெடைச்சிருச்சு. போயிட்டா" என்றாள். "எனக்குத்தேன் கெடைக்கலை."